தேயாத இடத்தில் அளவெடு

"கிராஸ் ஒண்ணு வேணும்ண்ணே."

"எந்த வண்டிக்குத் தம்பி?"

குறுவை உழவு மும்முரமாக நடக்கும் நாட்களில் காவிரிப் படுகையின் டிராக்டர் உதிரிபாகக் கடைகளில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். வந்தவர் கையில் சாக்கில் சுற்றிய இரும்புத் துண்டு ஒன்று இருக்கும். சேறும் கிரீஸும் அப்பி அதன் உருவமே தெரியாது. கடைக்காரர் டிராக்டரின் பெயரைக் கேட்பார், குதிரைத்திறனைக் கேட்பார், அலமாரியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துக் கொடுப்பார். வயலுக்குப் போய் மாட்டினால் கப் துளைக்குள் இறங்காது. இறங்கினாலும் லாக் தன் பள்ளத்தில் உட்காராது. அதற்குள் பொழுது சாய்ந்திருக்கும்.

பிழை அந்த முதல் கேள்வியில் இருக்கிறது. கிராஸ் உட்கார்ந்திருப்பது டிராக்டருக்கும் ரோட்டாவேட்டருக்கும் நடுவே சுழலும் ஷாஃப்ட்டில். அந்த ஷாஃப்ட் டிராக்டரோடு வந்த பொருள் அல்ல. பெரும்பாலும் அது ரோட்டாவேட்டரோடு வந்தது. ரோட்டாவேட்டர் செய்த நிறுவனமும் அதைத் தானே செய்யாமல், ஷாஃப்ட் மட்டும் செய்யும் வேறொரு நிறுவனத்திடம் வாங்கியிருக்கக்கூடும். ஆகவே டிராக்டரின் பெயரைச் சொல்லி கிராஸ் வாங்கப் போனால், சரியானது கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. சரியான கேள்வி வேறு: கப்பின் விட்டம் எத்தனை, கிராஸின் நீளம் எத்தனை, லாக் உள்ளேயா வெளியேயா? இந்தக் கேள்விகளுக்கான விடை அந்தச் சாக்கு மூட்டைக்குள்ளேயே இருக்கிறது. உடைந்த பாகம் தன்னைப் பற்றிய எல்லாத் தகவலையும் வைத்திருக்கிறது. எந்த இடத்தில் அளந்தால் அது உண்மையைச் சொல்லும், எந்த இடத்தில் பொய் சொல்லும் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

முதலில் ஷாஃப்ட் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம். டிராக்டரின் பின்புறம், கருவியைத் தூக்கும் கைகளுக்கு நடுவே, பல் வெட்டிய ஒரு குட்டித் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பி.டி.ஓ. இன்ஜினின் சக்தியைச் சக்கரத்துக்கு அனுப்பாமல் நேரே கருவிக்கு எடுத்துக்கொள்ளும் இடம். இது வருவதற்கு முன்பு அறுவடைக் கருவிகள் தம் சொந்தச் சக்கரம் தரையில் உருள்வதிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டன. ஈர மண்ணில் சக்கரம் வழுக்கினால் கருவியும் நின்றுவிடும். 1906இல் பிரான்சில் கூஜி என்பவர் தன் டிராக்டரின் இன்ஜினிலிருந்து ஒரு தண்டு வழியாகக் கதிர் அறுத்துக் கட்டும் கருவியை ஓட்டிக் காட்டினார். அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1918 வாக்கில் தன் 8-16 டிராக்டரில் இதே வசதியை வைத்து விற்றது. 1920களில் அமெரிக்க வேளாண் பொறியாளர்கள் இந்தத் தண்டின் அளவுக்கும் வேகத்துக்கும் ஒரு பொதுத் தரத்தை வகுத்தார்கள். ஒரு நிறுவனத்தின் டிராக்டரில் இன்னொரு நிறுவனத்தின் கருவியை மாட்ட முடிகிறது என்றால், அந்த முடிவுதான் காரணம். வேளாண் இயந்திர வரலாற்றில் பெரிய கண்டுபிடிப்புகளுக்குச் சமமாக இதை நான் மதிக்கிறேன்.

இன்று உலகம் முழுக்க இதற்கான தரம் ஐஎஸ்ஓ 500. மரபாக மூன்று வகைகள். முதல் வகைத் தண்டு 35 மி.மீ. விட்டம், 6 பல், நிமிடத்துக்கு 540 சுற்று. இரண்டாம் வகையும் அதே 35 மி.மீ.தான், ஆனால் 21 பல், 1000 சுற்று. மூன்றாவது 45 மி.மீ., 20 பல், 1000 சுற்று. முதல் இரண்டின் விட்டம் ஒன்றாக இருந்தும் பல்லின் எண்ணிக்கையை மாற்றி வைத்ததில் ஒரு பாதுகாப்பு உண்டு. 540இல் ஓட வேண்டிய கருவியை 1000இல் ஓட்டினால், சுழலும் பாகங்களை வெளியே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும் விசை ஏறத்தாழ மூன்றரை மடங்காகிவிடும். பல் பொருந்தாது என்பதால் அந்தத் தவறு எளிதில் நேராது. நம் வயல்களில் காணும் ரோட்டாவேட்டர்களுக்கு 6 பல்தான் பழக்கம். இருந்தாலும் எண்ணிப் பார்த்துவிடுங்கள். பல்லின் முனைகள் தேய்ந்து மழுங்கியிருந்தாலும் எண்ணிக்கை மாறாது. அடையாளம் காண்பதில் இதைவிட நம்பகமான சாட்சி வேறில்லை.

இனி ஷாஃப்ட்டுக்கு வருவோம். இரண்டு முனையிலும் ஒவ்வொரு யோக், அதாவது இரண்டு காது வைத்த கவை. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும் இரண்டு குழாய்கள். அந்தக் குழாய்களின் முனையிலும் ஒவ்வொரு யோக். எதிரெதிர் யோக்குகளைச் செங்குத்தாகக் கோப்பது கிராஸ் எனப்படும் நான்கு கை இரும்பு. ஒவ்வொரு கையின் மீதும் ஒரு கப், கப்புக்குள் ஊசி போல மெல்லிய உருளைகள் வட்டமாக அடுக்கியிருக்கும். டிராக்டரின் தண்டும் ரோட்டாவேட்டரின் கியர்ப்பெட்டித் தண்டும் ஒரே கோட்டில் நிற்பதில்லை. ஓட்டத்தின்போது மேலும் கீழும் ஆடும். அப்படி ஆடிக்கொண்டே சக்தியைக் கடத்துவதற்குத்தான் இந்தக் கிராஸ்.

கிராஸ் தாங்கும் சுமையைக் கணக்கிட்டுப் பார்த்தால் அதன் மேல் மரியாதை வரும். 40 குதிரைத்திறன் முழுவதும் 540 சுற்றில் இந்த ஷாஃப்ட் வழியாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முறுக்குவிசை சுமார் 525 நியூட்டன் மீட்டர். எதிரெதிர்க் கைகளின் ஊசி உருளை வரிசைகளுக்கு நடுவே தூரம் ஏறக்குறைய 6 செ.மீ. என்றால், ஒவ்வொரு கப்பின் மீதும் விழும் விசை கிட்டத்தட்ட 900 கிலோ எடைக்குச் சமம். கட்டைவிரல் பருமனுள்ள ஓர் இரும்புக் கை, மெல்லிய உருளைகளின் மேல் இத்தனையையும் தாங்கிக்கொண்டு வினாடிக்கு 9 முறை சுற்றுகிறது. இது சீரான ஓட்டத்தில் வரும் கணக்கு. கத்தி ஒரு கல்லிலோ வேரிலோ மோதினால் அந்த நொடியில் சுமை பல மடங்கு எகிறும்.

இந்த மூட்டுக்கு ஒரு விசித்திரக் குணமும் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரால் இதை அழைப்பவர்கள் உண்டு. ஆனால் இதன் இயக்கத்தைத் துல்லியமாக ஆராய்ந்து 1676இல் எழுதியவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். சுருள்வில் விதியைத் தந்த அதே ஹூக்தான். கோணம் இல்லாமல் நேராக நின்றால் கிராஸின் இரண்டு ஜோடிக் கைகளும் ஒரே தளத்தில் சுற்றும். கோணம் விழுந்ததும் தளம் இரண்டாகிவிடும். ஒரு ஜோடி முன் தண்டின் வட்டத்திலும் மற்ற ஜோடி பின் தண்டின் சாய்ந்த வட்டத்திலும் சுற்ற வேண்டும். ஆனால் இரண்டு ஜோடியும் எப்போதும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகவே இருந்தாக வேண்டும். இந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு, பின் தண்டு ஒரே சுற்றில் இரண்டு முறை முந்தி ஓடும், இரண்டு முறை பிந்தி விழும். 30 டிகிரிக் கோணத்தில் டிராக்டர் 540இல் சீராகச் சுற்றினாலும், மூட்டுக்கு அப்பால் வேகம் 468க்கும் 624க்கும் நடுவே ஊசலாடும். வினாடிக்கு 18 முறை இந்த ஊசலாட்டம். 10 டிகிரியில் இதே வித்தியாசம் 532க்கும் 548க்கும் நடுவே அடங்கிவிடுகிறது. கோணம் சற்றுக் கூடினால் கேடு பல மடங்கு கூடும்.

வரப்போரம் திரும்பும்போது ரோட்டாவேட்டரைத் தூக்கியபடி, பி.டி.ஓ.வை நிறுத்தாமலேயே வண்டியைத் திருப்புவது பலருக்குப் பழக்கம். தூக்கத் தூக்க முன் மூட்டின் கோணமும் பின் மூட்டின் கோணமும் ஏறும், அதுவும் சமமாக ஏறாது. வயலின் நடுவில் மணிக்கணக்காக ஓடித் தேயாத கிராஸ், வரப்போரத்தில் சில வினாடிகளில் அடி வாங்குகிறது.

சரி, கிராஸை அளப்போம். முதலில் டீசலில் கழுவிச் சேற்றை நீக்குங்கள். கப் வெளியே வராமல் பிடித்திருக்கும் லாக்கைப் பிளையரால் எடுத்து, கப்பை மெதுவாகத் தட்டி வெளியே கொண்டுவாருங்கள். இரண்டு அளவுகள் வேண்டும். ஒன்று, கப்பின் வெளிவிட்டம். மற்றது, எதிரெதிர்க் கைகளில் கப்பை இறுக்கி மாட்டியபின் ஒரு கப்பின் வெளி முகத்திலிருந்து மறு கப்பின் வெளி முகம் வரையுள்ள நீளம். பட்டியல்களில் இந்த இரண்டையும் பெருக்கல் குறி போட்டு எழுதுவார்கள்: 22 × 54, 23.8 × 61.3, 27 × 70, 27 × 74.6, 30.2 × 80, 30.2 × 92, 35 × 106.5. எல்லாம் மி.மீ. கணக்கு.

இந்த எண்களை உற்றுப் பாருங்கள். 23.8 என்றும் 30.2 என்றும் ஏன் இப்படிக் கோணலாக வர வேண்டும்? 23.8 என்பது ஓர் அங்குலத்தின் 15/16 பங்கு. 27 என்பது 1 1/16 அங்குலம். 30.2 என்பது 1 3/16 அங்குலம். 74.6 என்பது 2 15/16 அங்குலம். பி.டி.ஓ. தண்டின் 35 மி.மீ.கூட 1 3/8 அங்குலம்தான். அங்குலத்தில் பிறந்த பாகங்கள் மி.மீ. உடுப்பில் உலாவுகின்றன. கடையில் "முப்பது சைஸ்" என்று வாயால் சொல்வது இதனால் ஆபத்து. 30.2 துளைக்குள் 30.0 கப்பை இறக்கினால் கையாலேயே இறங்கிவிடும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஓடத் தொடங்கியதும் கப் யோக்குக்குள்ளேயே நெளியும். வட்டத் துளை முட்டை வடிவத்துக்கு மாறும். அதற்குப் பிறகு சரியான கிராஸ் வாங்கினாலும் பயனில்லை, யோக்கையே மாற்ற வேண்டும். இந்த 0.2 மி.மீ. வித்தியாசத்தை டேப்பும் பள்ளிக்கூட ஸ்கேலும் காட்டாது. வெர்னியர் வேண்டும். டிராக்டர் வைத்திருப்பவர் ஸ்பேனர் செட்டோடு ஒரு வெர்னியரும் வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

27 × 70க்கும் 27 × 74.6க்கும் உள்ள வம்பு வேறு மாதிரி. கப் ஒன்றேதான், இரண்டும் துளைக்குள் சரியாக இறங்கும். நீளம் மட்டும் 4.6 மி.மீ. வேறு. குட்டையான கிராஸை நீளமானதற்குரிய யோக்கில் போட்டால் லாக்குக்கும் கப்புக்கும் நடுவே இரண்டு பக்கமும் இடைவெளி நிற்கும். அந்த இடைவெளியில் வாஷர் போட்டு அடைக்கும் வேலையைச் செய்யாதீர்கள். மூட்டின் மையம் ஒரு பக்கமாக நகர்ந்தால் முழு ஷாஃப்ட்டும் அதிர்ந்து ஆடும்.

லாக் இருக்கும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சில கிராஸ்களில் லாக், யோக்கின் காதில் வெட்டிய பள்ளத்தில், கப்புக்கு வெளியே உட்காரும். வேறு சிலவற்றில் கப்பின் உடலிலேயே பள்ளம் இருக்கும், லாக் யோக்கின் உட்புறத்தில் மாட்டும். உட்புற லாக் என்றால் கப்பின் வெளி முகத்தை அளந்து பயனில்லை. இரண்டு பள்ளங்களுக்கு நடுவேயுள்ள தூரம்தான் கணக்கு.

எங்கே அளப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஊசி உருளைகள் உருண்ட இடம், அதாவது கிராஸின் கை, தேய்ந்திருக்கும். அதை அளந்து ஒரு எண்ணைச் சொன்னால் அது பொய்யாகும். கப்பின் வெளிப்புறம் யோக்கின் துளையில் இறுக்கமாக உட்கார்ந்து அசையாமல் இருந்தது, ஆகவே அது தேயவில்லை. அந்த அளவு மெய். கப்பின் வெளிப்புறத்தில் வட்டமாகப் பளபளப்பான கீறல் தெரிந்தால் மட்டும், அது துளைக்குள் சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது நான்கு கப்பையும் அளந்து மிகப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். கிராஸ் சுக்குநூறாகிக் கையில் ஒன்றுமே மிஞ்சாவிட்டாலும் கவலை வேண்டாம். யோக்கின் துளை விட்டமும், இரு காதுகளின் லாக் பள்ளங்களுக்கு நடுவேயுள்ள தூரமும் காணாமல் போன கிராஸின் அளவைத் தந்துவிடும். எந்த இயந்திரத்திலும் இந்த வழி செல்லும்: அசைந்த பரப்பை விட்டுவிடு, அசையாத பரப்பை அள.

யோக்கின் மேல் புடைத்து நிற்கும் எண்களை நம்பிக் கடைக்குப் போகிறவர்கள் உண்டு. அவை பெரும்பாலும் அந்த இரும்பை அடித்து உருவாக்கிய அச்சின் எண்கள். ஒரே அச்சில் வந்த யோக்கில் வெவ்வேறு துளைகளும் வெவ்வேறு பற்களும் வெட்டப்பட்டிருக்கலாம். உண்மையான பாக எண் பெரும்பாலும் காப்புறையில் ஒட்டிய தாளில் இருந்திருக்கும். முதலில் கிழிந்து போவதும் அந்தத் தாள்தான். புதிதாக ஷாஃப்ட் வாங்கிய அன்றே அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

தேய்ந்த கையை அளவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்றேன். ஆனால் தூக்கி எறியவும் கூடாது, ஏன் தேய்ந்தது என்பதை அது சொல்லும். பின்னால் நின்று டிராக்டரை நோக்கிப் பார்த்தால் பி.டி.ஓ. எப்போதும் கடிகாரச் சுற்றில் சுழலும். ஆகவே சுமை எப்போதும் கையின் ஒரே பக்கத்தில்தான் விழும். பழைய கிராஸை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் புதிது போலப் பளபளக்கும். எதிர்ப்பக்கத்தில் ஊசி உருளைகள் பதிந்த வரிவரியான பள்ளங்கள் தெரியும். நகத்தை ஓட்டினால் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். பள்ளங்கள் ஆழமாகவும் கூர்மையாகவும் இருந்தால் அதிர்ச்சிச் சுமை: கல், வேர், அல்லது கத்தி மண்ணில் பதிந்திருக்கும்போதே கிளட்சைப் படீரென்று விட்டது. தோல் உரிந்தாற்போல் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால் அது உலோகத்தின் சோர்வு, தன் ஆயுளை வாழ்ந்து முடித்தது. நிறம் மாறியிருந்தால் வெப்பம். எஃகின் மேல் இளமஞ்சள் படிந்தால் அது 220 டிகிரி செல்சியஸ் வாக்கில் சுட்டிருக்கிறது, நீலம் என்றால் 300 டிகிரியை நெருங்கியிருக்கிறது. சாதாரண லித்தியம் கிரீஸ் 180, 190 டிகிரியிலேயே உருகி ஒழுகிவிடும். நீலம் தெரிந்தால் அங்கே கிரீஸ் தீர்ந்து வெகுநேரம் ஆகிவிட்டது.

நான்கு கையில் ஒன்று மட்டும் நீலமாக, மற்ற மூன்றும் நன்றாக இருந்தால்? கிரீஸ் நிப்பிளில் அடித்த கிரீஸ், கிராஸுக்குள் துளைத்த நான்கு வழிகளிலும் போக வேண்டும். அந்த ஒரு வழி அடைத்திருக்கிறது. கிரீஸ் கன்னால் அடிக்கும்போது நான்கு கப்பின் சீலிலும் பழைய கிரீஸ் பிதுங்கி வருகிறதா என்று பார்ப்பது இதனால்தான். ஷாஃப்ட் செய்பவர்கள் கிராஸுக்கு 8 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கிரீஸ் வைக்கச் சொல்வது வழக்கம். சேற்றுழவில் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போகும் என்பதால் அன்றன்று வேலை முடிந்ததும் வைத்துவிடுவது நல்லது. இரவு முழுக்கச் சேற்று நீர் உருளைகளுக்கு நடுவே தங்காது.

இன்னொரு நுட்பம் உண்டு. கோணம் ஏதும் இல்லாமல் முழு நேராக ஓடும் மூட்டு நெடுநாள் உழைக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. கோணம் இல்லாவிட்டால் ஊசி உருளைகள் உருளவே மாட்டா. ஒரே இடத்தில் நின்று அதிர்ந்து, கிரீஸைப் பிதுக்கி வெளியேற்றி, தம் உருவத்தை இரும்பில் பதித்துவிடும். சில டிகிரி கோணம் இருந்தால்தான் அவை முன்னும் பின்னும் அசைந்து கிரீஸைப் பூசிக்கொள்ளும்.

கிராஸ் முடிந்தது. அடுத்தது குழாய். இதன் குறுக்குவெட்டு உருவமே அடையாளம். இத்தாலிய மரபில் வந்தவற்றில் மூன்று மூலை உருண்ட முக்கோணம். ஜெர்மன் மரபில் எலுமிச்சைப் பழத்தின் நீள்வெட்டு போன்ற வடிவம். அமெரிக்க மரபில் சதுரக் கம்பியும் சதுரக் குழாயும் அதிகம். நட்சத்திர வடிவமும் உண்டு. வடிவத்தைக் குறித்துக்கொண்டு, வெளி அகலத்தையும் சுவரின் தடிமனையும் அளந்தால் போதும். இங்கும் அதே விதி: உள்குழாயை, வெளிக்குழாயோடு உரசாத யோக்குப் பக்க முனையில் அளக்க வேண்டும். நடுவில் அளந்தால் தேய்மானத்தைத்தான் அளப்பீர்கள்.

இந்த வடிவங்களுக்குப் பின்னால் ஹூக்கின் பிரச்சினைக்கான தீர்வு ஒளிந்திருக்கிறது. முதல் மூட்டு உண்டாக்கிய வேக ஊசலாட்டத்தை இரண்டாம் மூட்டு அப்படியே திருப்பிப் போட்டுச் சமன் செய்துவிடும். ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனை. இரண்டு மூட்டின் கோணமும் சமமாக இருக்க வேண்டும். குழாய்களின் முனையிலுள்ள இரண்டு உள் யோக்குகளின் காதுகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஒன்று படுத்திருக்க மற்றது நின்றிருந்தால், ஊசலாட்டம் ரத்தாவதற்குப் பதில் பெருகும். அதே 30 டிகிரியில் ரோட்டாவேட்டரின் கியர்ப்பெட்டிக்குப் போகும் வேகம் 405க்கும் 720க்கும் நடுவே எகிறி இறங்கும்.

இப்போது குழாயைக் கழற்றி மறுபடி மாட்டும்போது என்ன ஆகும் என்று யோசியுங்கள். எலுமிச்சை வடிவத்தை இரண்டே விதமாகத்தான் நுழைக்க முடியும், அந்த இரண்டும் 180 டிகிரி எதிரெதிர். யோக்குக்கு இரண்டு காது என்பதால் இரண்டு விதமும் சரிதான். தவறாக மாட்டவே முடியாது. சதுரத்தை நான்கு விதமாக நுழைக்கலாம், அதில் இரண்டு தவறு. மூன்று பக்கமும் ஒத்த முக்கோணத்தை மூன்று விதமாக நுழைக்கலாம், அதில் ஒன்று மட்டுமே சரி. வடிவத்தின் சமச்சீர், மாட்டுபவரின் கையைத் தடுக்கிறது அல்லது விட்டுவிடுகிறது. முக்கோணக் குழாயோ சதுரக் குழாயோ உங்களுடையது என்றால், கழற்றும் முன் இரண்டு குழாயிலும் பெயின்ட்டால் ஒரே நேராகக் கோடு போட்டுவிடுங்கள். கிராஸ் மாற்றிய மறுநாளே கியர்ப்பெட்டி இரைகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது உள் யோக்குகள் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்பதை.

முழு ஷாஃப்ட்டையே மாற்றுவதாக இருந்தால் நீளம் வேண்டும். முழுக்க மடக்கிய நிலையில், ஒரு கிராஸின் மையத்திலிருந்து மறு கிராஸின் மையம் வரை அளப்பது ஒரு முறை. முனையிலிருந்து முனை வரை அளப்பது இன்னொரு முறை. எதை அளந்தீர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் எண் மட்டும் போதாது. வாடகைக்கு ஓட்டும் ரோட்டாவேட்டர் இன்று ஒரு டிராக்டரின் பின்னால், நாளை வேறொன்றின் பின்னால். டிராக்டர் மாறினால் பி.டி.ஓ.வுக்கும் கருவிக்கும் நடுவேயுள்ள தூரமும் மாறும். குழாய்கள் வேலையின்போது குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். அதே சமயம் கருவியைத் தூக்கி இறக்கும்போது முட்டிக்கொள்ளவும் கூடாது. முட்டினால் டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கையும் கியர்ப்பெட்டியின் பேரிங்கையும் அது நெம்பித் தள்ளும். நீளம் அதிகம் என்றால் வெட்டலாம். இரண்டு குழாயிலும் இரண்டு காப்புறையிலும் ஒரே அளவு வெட்டி, பிசிறை அரம் போட்டு நீக்கி, கிரீஸ் தடவி மாட்ட வேண்டும்.

யோக்கைக் குழாயோடு பிணைக்கும் ரோல் பின்னுக்குத் துளையின் விட்டத்தை அளந்தால் முடிந்தது. சுமை மீறினால் நழுவிக்கொடுக்கும் ஸ்லிப் கிளட்ச் இருந்தால் அதன் தட்டுகளின் வெளிவிட்டம், உள்விட்டம், தடிமன். ஷியர் போல்ட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ரோட்டாவேட்டர் பக்க யோக்கில் ஒரு சிறு போல்ட் இருந்து, கத்தி கல்லில் சிக்கினால் அது வெட்டுப்பட்டு மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றும். போல்ட்டின் தலையில் 8.8 என்று எழுதியிருந்தால், அந்த எஃகின் இழுவலிமை ஒரு சதுர மி.மீ.க்கு 800 நியூட்டன் என்று பொருள். 10.9 என்றால் 1000 நியூட்டன். அடிக்கடி அறுந்து தொல்லை கொடுக்கிறதே என்று 8.8 இருந்த இடத்தில் 10.9 போட்டால், கால் பங்கு கூடுதல் சுமை வரை அது அறாது. அந்தக் கூடுதலைக் கிராஸும் கியர்ப்பல்லும் வாங்கிக்கொள்ளும். அறுந்த போல்ட்டின் தலையைத் தேடி எடுத்து, அதிலுள்ள எண்ணைப் படித்து, அதே எண்ணை வாங்குங்கள். கம்பியையோ ஆணியையோ செருகவே கூடாது. போல்ட் அடிக்கடி அறுந்தால் காரணம் போல்ட்டில் இல்லை, கத்தியின் ஆழத்திலோ கிளட்ச் விடும் வேகத்திலோ இருக்கிறது.

கடைசியாக, கடையில் யாரும் கேட்காத பாகம்: காப்புறை. ஷாஃப்ட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் குழாயும் இரு முனையிலும் உள்ள கூம்பும். வெயிலில் காய்ந்து வெடித்ததும், அல்லது கிரீஸ் வைக்க இடைஞ்சல் என்று, கழற்றி எறிந்துவிடுகிறார்கள். 10 செ.மீ. குறுக்களவுள்ள யோக் 540இல் சுற்றினால் அதன் விளிம்பு வினாடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. துண்டின் நுனியோ சேலைத் தலைப்போ யோக்கைத் தண்டோடு பிடிக்கும் லாக் பின்னில் மாட்டினால், கையை இழுக்க வேண்டும் என்று மூளை முடிவெடுக்கும் அரை வினாடிக்குள் 1.4 மீட்டர் துணி சுற்றிவிடும். அப்புறம் சுற்றுவது துணி மட்டுமல்ல.

காப்புறையும் தனியாகக் கிடைக்கிற உதிரிபாகம்தான். அது யோக்கின் கழுத்திலுள்ள ஒரு பள்ளத்தில் நைலான் வளையத்தின் மேல் உட்காரும். உள்குழாய்ப் பக்கத்துக்கும் வெளிக்குழாய்ப் பக்கத்துக்கும் வளையம் வேறு வேறு. பள்ளத்தின் விட்டம், காப்புறையின் நீளம், கூம்பின் வாய் அகலம் ஆகிய மூன்றையும் கிராஸ் அளவோடு சேர்த்துச் சொன்னால் பொருந்துவதைத் தேடிக் கொடுப்பார்கள். மாட்டியபின் இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, காப்புறையைக் கையால் திருப்பிப் பாருங்கள். ஷாஃப்ட் அசையாமல் அது மட்டும் தடையின்றிச் சுற்ற வேண்டும். பிறகு அதிலுள்ள இரண்டு சங்கிலிகளில் ஒன்றை டிராக்டரிலும் மற்றதைக் கருவியிலும் அசையாத இடத்தில் மாட்டிவிட வேண்டும். கருவியைத் தூக்கி இறக்கும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வு விடுங்கள். ஷாஃப்ட்டைக் கழற்றியபின் அதைத் தொங்கவிட அந்தச் சங்கிலியைப் பயன்படுத்தக் கூடாது. அந்த எடையில் காப்புறையின் வளையம்தான் முதலில் உடையும்.